முதுகில் ஒரு தகடு குறைந்த டைனோசர்

கும்பகோணத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். நான்கு வயது மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். பள்ளியில் டைனோசர் வாரம் என்று சொல்லி, வீட்டிலிருந்து ஒரு மாடல் செய்து கொண்டுவரச் சொன்னார்களாம். தெர்மாகோல், பெயின்ட், பசை என்று ஐந்நூறு ரூபாய்க்கு மேல் செலவழித்து, இரவு ஒரு மணி வரை விழித்திருந்து ஒரு ஸ்டெகோசாரஸைச் செய்து முடித்திருக்கிறார். காலையில் பையன் ஓடிவந்து தொட, முதுகுத் தகடு ஒன்று கையோடு வந்துவிட்டது. "ஆத்திரத்தில் கையில் ஒரு அடி போட்டுவிட்டேன். அழுதுகொண்டே பள்ளிக்குப் போனான். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை" என்கிறார். அப்புறம் மூன்று கேள்விகள். வீட்டில் இருப்பதை வைத்து அவனே என்ன செய்யலாம்? "இதெல்லாம் எதற்கு, அ ஆ எழுத வை" என்கிற மாமியாருக்கு என்ன பதில் சொல்வது? டைனோசர் வீடியோ பார்த்த நாளில் இரவு பயந்து எழுந்துகொள்கிறானே, இந்த ஆசையை வளர்க்கத்தான் வேண்டுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் உங்கள் கடிதத்தில் கனமாக இருக்கிறது. அன்று மாலையே அவனை மடியில் வைத்து "அம்மா அடிச்சது தப்புப்பா" என்று சொல்லியிருந்தால் சரி. சொல்லவில்லை என்றால் இன்றைக்குச் சொல்லுங்கள். நாள் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், குழந்தைக்குப் புரியும். அவன் அந்தத் தகட்டைப் பிய்க்கவேண்டும் என்று வரவில்லை. டைனோசர் தனக்கு வந்தது என்று நம்பித் தொட்டான், அவ்வளவுதான்.

திருச்சியில் மழலையர் வகுப்பு எடுக்க ஆரம்பித்து எனக்கு இருபத்தாறு வருடம் ஆகிறது. ஆரம்ப வருடங்களில் நானும் இதைத்தான் செய்தேன். பச்சை சார்ட் பேப்பரில் இருபத்துநான்கு டைனோசர் வெட்டி வைப்பேன். பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு கண் ஒட்டுவார்கள். பெற்றோர் வரும் நாளில் சுவர் பார்க்க அழகாக இருக்கும். ஒரு வருடம் ஒரு அம்மா தன் மகளிடம், "உன்னோடது எது, காட்டு" என்றார். அந்தப் பெண் சுவரோரம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தாள். திரும்பி நடந்தாள். அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து வெட்டி வைப்பதை நிறுத்திவிட்டேன்.

பிள்ளைகள் செய்ததில் எது யாருடையது என்று பார்த்தவுடன் தெரியவேண்டும். கோணலாக இருக்கட்டும், கால் ஐந்து இருக்கட்டும். அடுத்த முறை பள்ளியில் மாடல் கேட்டால் அவன் செய்ததையே அனுப்புங்கள். கூடவே ஒரு சீட்டில், "இதை என் மகன் தானே செய்தான். அவன் சொல்வதைக் கேட்டு எழுதியிருக்கிறேன்" என்று எழுதி, அவன் சொல்கிற இரண்டு வரியையும் சேர்த்துவிடுங்கள். நல்ல ஆசிரியர் அந்தச் சீட்டைத்தான் முதலில் படிப்பார்.

சரி, என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஊர்க்காரர்களுக்கு மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கொள்ளிடம் தாண்டி வடக்கே போனால் அரியலூர், பெரம்பலூர். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் பிற்பகுதியில் அந்த நிலத்தின் மேல் கடல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இன்று அங்கே சிமென்ட் ஆலைகளுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல் அந்தக் கடலடியில் படிந்தது. அந்தப் படிவுகளில் அம்மோனைட் என்கிற கடலுயிரியின் படிமங்கள், அதாவது கல்லாகிப்போன எச்சங்கள், ஏராளம். சுருட்டி வைத்த ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி இருக்கும் அதன் ஓடு. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்து, டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் பேச்சானது நினைவிருக்கலாம். நிலவியல் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்றார்கள்.

அம்மோனைட்தான் உங்கள் மகனுக்கான முதல் கைவேலை. இரண்டு கப் மைதா, ஒரு கப் தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு கப் தண்ணீர். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவைவிடச் சற்றுக் கெட்டியாகப் பிசைய வேண்டும். பிசைவதும் அவன் வேலைதான். முதலில் ஐந்து விரலிலும் ஒட்டிக்கொண்டு, கையை விரித்துக் காட்டி "அம்மா, வரமாட்டேங்குது" என்பான். துடைத்துவிடாதீர்கள். கொஞ்சம் காய்ந்த மாவைத் தூவிக் கொடுங்கள், தானாகவே உதிர்ந்து வரும். அப்புறம் ஓர் எலுமிச்சை அளவு எடுத்துப் பலகையில் வைத்து, உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டிக் கயிறாக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் மெல்லிசாகவும்தான் வரும். அம்மோனைட்டுக்கு அதுதான் பொருத்தம். மெல்லிய முனையை நடுவில் வைத்து, கை முறுக்கு சுற்றுவது போலச் சுற்றிக்கொண்டே வந்தால் படிமம் தயார். பல்குச்சியால் மேலே கோடு கோடாக அழுத்தச் சொல்லுங்கள், ஓட்டின் வரிகள் அவை. நம் ஊர் வெயிலில் திருப்பித் திருப்பிப் போட்டால் இரண்டு மூன்று நாளில் கல்லாகிவிடும்.

அதே மாவைத் தட்டி, அதன்மேல் வேப்பிலை, முருங்கைக் கொத்து, கிளிஞ்சல் என்று எதையாவது வைத்து அழுத்தி எடுத்தால் அச்சு விழும். "இலை போயிடுச்சு, ஆனா இலை இருந்த இடம் இருக்கு பாரு" என்று சொன்னால் போதும், படிமம் என்றால் என்ன என்று நான்கு வயதுக்குத் தெரியவேண்டியது அவ்வளவும் அதில் வந்துவிடுகிறது. என் வகுப்பில் ஒரு பையன் எதையும் வைக்காமல் தன் முழங்கையை மாவில் ஊன்றி எடுத்தான். என்னடா இது என்றேன். "டைனோசர் படுத்திருந்த குழி, டீச்சர்" என்றான். அதையும் காயவைத்தோம்.

மாவில் உப்பு அதிகம், வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்கிற ஆசை இருந்தால் அதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன், மாமியார் பகுதியில் சொல்கிறேன்.

காய்ந்ததை என்ன செய்வது? ஒரு அகலமான தட்டில் அல்லது பழைய டப்பில் மணலைப் போட்டு அதற்குள் புதைத்துவிடுங்கள். கையில் ஒரு பழைய டூத்பிரஷ்ஷைக் கொடுங்கள். கரண்டி கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிடுவான். பிரஷ் கொடுத்தால் வேலை மெதுவாகும், கண்ணும் அங்கேயே நிற்கும். நிஜ ஆய்வாளர்களும் எலும்பு கண்ணில் பட்ட பிறகு பிரஷ்ஷால்தான் மண்ணைத் தள்ளுகிறார்கள் என்று சொன்னால் அவன் முகம் மாறுவதைப் பாருங்கள்.

அடுத்தது கால்தடம். மொட்டைமாடியில் காக்காய்க்குச் சோறு வைக்கும் பழக்கம் உங்கள் வீட்டில் இருக்குமல்லவா? சோற்றைச் சுற்றி ஈர மணலைத் தட்டையாகப் பரப்பி வையுங்கள். காக்காய் வந்து போன பிறகு அவனை அழைத்துப்போய்க் காட்டுங்கள். முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. டிரெக்ஸ் என்கிற பெரிய வேட்டை டைனோசரும் மூன்று விரலை ஊன்றித்தான் நடந்தது. இது வெறும் ஒப்புமை இல்லை. பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை, அந்தப் பெரிய குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் கிளை. உயிரோடு டைனோசர் பார்க்கவேண்டும் என்று அவன் கேட்டால், "வா, சோறு வைக்கலாம்" என்று நீங்கள் தாராளமாகச் சொல்லலாம், அது பொய் ஆகாது. அப்புறம் கோலமாவை எடுத்து வாசலிலிருந்து சமையலறை வரை மூன்று விரல் தடங்களை அவனே வரையட்டும். வீட்டைப் பெருக்க ஒரு நாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது.

அளவு என்பது இந்த வயதில் வாயால் சொல்லிப் புரியாது. டிரெக்ஸ் சுமார் 12 மீட்டர் நீளம் என்றால் அவனுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். உங்கள் புடவைகளில் இரண்டை எடுங்கள். ஒரு புடவை ஐந்தரை மீட்டர். இரண்டையும் மாடியில் நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக விரித்து, கடைசியில் ஒரு துண்டையும் போட்டால் மூக்கிலிருந்து வால்நுனி வரை வந்துவிடும். அவன் அதன் பக்கத்தில் எண்ணிக்கொண்டே நடக்கட்டும். நடுவில் எண்ணிக்கை தப்பினால் திருத்தாதீர்கள், திரும்ப நடக்க ஒரு சாக்கு. முடிந்ததும், கோழி அளவே இருந்த டைனோசர்களும் உண்டு என்று சொல்லுங்கள். குழந்தைகளுக்குப் பெரியதைவிடச் சின்னதுதான் அதிக ஆச்சரியம் தரும், இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பனிக்கட்டி முட்டையும் செய்யலாம். ஒரு டம்ளரில் கால் பாகம் தண்ணீர் ஊற்றி உறையவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் டைனோசரை வைத்து மறுபடி தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்தால் காலையில் குட்டி நடுவில் நிற்கும். உப்பு, ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள். வீடியோக்களில் பலூனுக்குள் தண்ணீர் நிரப்பிச் செய்வார்கள். அதைச் செய்யாதீர்கள். கிழிந்த பலூன் துண்டு சின்னக் குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும்.

பேச்சு வந்ததால் இன்னும் இரண்டு எச்சரிக்கை. தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல் உருண்டைகளையும், முட்டையை ஊறவைத்தால் வளர்ந்து வெளியே வரும் டைனோசர் பொம்மைகளையும் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் அது பெரிதாகும், குடலை அடைக்கும், அறுவை சிகிச்சை வரைக்கும் போகலாம். வீட்டுக்கு வரும் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைகளையும் மனதில் வையுங்கள். அப்புறம், படிமம் செய்ய பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் நல்லது என்று யாராவது சொன்னால், அதைக் கலப்பதும் ஊற்றுவதும் நீங்கள் மட்டும்தான். இறுகும்போது அது சூடாகும். கெட்டியான கலவைக்குள் குழந்தையின் கையை வைத்து அச்சு எடுத்தால் தோல் வெந்துவிடும். அச்சுக்கு மைதா மாவே போதும்.

அடுத்து வெட்டும் வேலை. நான்கு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு நேர்க்கோட்டில் வெட்ட வரும், வளைவு வராது. ஸ்டெகோசாரஸை வெட்டச் சொன்னால் அழுகைதான் மிச்சம். காகிதத் தட்டை நீங்கள் இரண்டாக மடித்துக் கொடுங்கள், கவிழ்த்த பிறை மாதிரி நிற்கும், அதுதான் உடம்பு. அதன் முதுகில் தகடுகளைச் செருக, பழைய அட்டையில் பட்டையாகக் கோடு போட்டுக் கொடுத்தால் அவன் நேராக வெட்டித் துண்டாக்குவான். நான்கு துணிமாட்டும் கிளிப்பை அவனே அழுத்திப் போட்டால் கால்கள். அந்தக் கிளிப்பை அமுக்கித் திறக்கிற பலம்தான் பென்சில் பிடிக்கவும் வேண்டும். ஸ்டெகோசாரஸுக்குப் பதினேழிலிருந்து இருபத்திரண்டு தகடுகள் வரை இருந்தன, அவன் ஐந்து வைத்தால் ஐந்தே போதும்.

நிறம் என்னவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பெரும்பாலான டைனோசர்களின் நிறத்தை எலும்பு நமக்குச் சொல்வதில்லை. படங்களில் பார்க்கிற பச்சை, வரைந்தவர்கள் போட்ட பச்சை. அவன் ரோஸ் பூசினால் தப்பு என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை.

இப்போது உங்கள் மாமியார். அவர் கவலைப்படுவது பேரன் எழுதவேண்டும் என்றுதானே, அந்தக் கவலை நியாயமானது. நம் எழுத்துகளைப் பாருங்கள், எவ்வளவு சுழி! அ-வில் சுழி, இ-யில் சுழி, ன-வில் இரண்டு, ண-வில் மூன்று. மாவுக் கயிற்றை நடுவிலிருந்து சுற்றுகிற கைக்குச் சுழி முதலிலேயே பழகிவிடுகிறது. பென்சிலைத் திணித்து ஒரு பக்கம் முழுக்க அ எழுத வைத்தால் அவன் விரல் வலிக்கும், எழுத்தின் மேல் வெறுப்பும் வரும். மாவில் சுற்றிவிட்டு, அடுத்து மணலில் விரலால், அடுத்துச் சிலேட்டில் என்று போனால் அவனே வந்து காட்டுவான். இதை அவரிடம் விளக்கிச் சொல்வதைவிட, அவரையே வேலையில் சேர்த்துக்கொள்வது நல்லது. "அத்தை, கொழுக்கட்டை மாவு கொஞ்சம் கிளறித் தர்றீங்களா, அவனுக்கு டைனோசர் முட்டை செய்யணுமாம்" என்று கேளுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு மாவு ஆறியதும், பூரணத்தை உள்ளே வைத்து மூடி உருட்டினால் முட்டைக்குள் குட்டி. பிடி கொழுக்கட்டையில் விழும் விரல் தடம் அவனுக்குப் பிடித்துப்போகும். ஆவியில் வேகவைப்பது பாட்டியின் வேலை, தின்பது இவன் வேலை. இந்த விஷயத்தில் என்னைவிட உங்கள் அத்தைக்குத்தான் கை பழக்கம் அதிகம். மாவை எந்தப் பதத்தில் பிடிக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

வாய்க்கும் இதில் வேலை இருக்கிறது. நாக்கு சுழலாத பெயர்களைச் சொல்ல இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை. வீடியோக்களில் வருவது பெரும்பாலும் வெளிநாடுகளில் கிடைத்தவை. நம் நாட்டுப் பெயர்களையும் கொடுங்கள். குஜராத்தில் கிடைத்த ராஜாசாரஸுக்கு 2003-ல் பெயர் வைத்தார்கள், தலையில் சின்னக் கொம்பு உள்ள வேட்டை விலங்கு. கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்தது பாராபாசாரஸ். பாரா பா என்றால் வங்காள மொழியில் பெரிய கால். எலும்பு எடுத்த சமயம் கவிஞர் தாகூரின் பிறந்த நூற்றாண்டு விழா ஆண்டாக இருந்ததால் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள், அதன் எலும்புக்கூடு கொல்கத்தாவில் நிற்கிறது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்ததற்குப் பிருகத்காயோசாரஸ் என்று பெயர், பேருடல் கொண்டது என்று அர்த்தம். உலகத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். ஆனால் எடுத்த எலும்புகள் சிதைந்துபோய்விட்டன, அதனால் அளவைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. இவன் ஒரு தடவை பிருகத்காயோசாரஸ் என்று பாட்டியிடம் முழுதாகச் சொல்லட்டும், அவர் எழுத்தைப் பற்றிக் கேட்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவார்.

இரவுப் பயத்துக்கு வருகிறேன். பயப்படுகிறான் என்பதற்காக ஆசையை நிறுத்தவேண்டாம். நிறுத்தவேண்டியது வீடியோவை. பிள்ளைகளுக்கு என்று போட்டிருந்தாலும் பலவற்றில் உறுமலும் துரத்தலும் கடிப்பதும்தான் முக்கால்வாசி. மாலை விளக்கேற்றிய பிறகு வேண்டவே வேண்டாம், பகலில் பார்த்தாலும் நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பயந்து எழுந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, படு" என்று அதட்டாதீர்கள். "பயமா இருக்கா, அம்மா இங்கதான் இருக்கேன். அது இப்ப எங்கேயுமே இல்ல. தாத்தாவோட தாத்தாவோட தாத்தா பொறக்கறதுக்கும் ரொம்ப ரொம்ப முன்னாடியே போயிடுச்சு" என்று சொல்லுங்கள். அது அழிந்து 6.6 கோடி ஆண்டு என்பது நமக்கே பிடிபடாத கணக்கு, அவனுக்கு வேண்டாம்.

பகலில் ஒரு காரியம் செய்யுங்கள். அவனைப் பயமுறுத்துகிற அந்த டிரெக்ஸையே மாவில் செய்யச் சொல்லுங்கள். பற்களுக்கு அரிசியைக் குத்தட்டும். ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து அதற்குப் படுக்கை போட்டு, இரவு அவனே அதைத் தூங்கவைத்துவிட்டு, மூடியைப் போட்டுவிட்டுத் தான் தூங்கப் போகட்டும். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை தன் டிரெக்ஸுக்குத் தினமும் பல் தேய்த்துவிட்டாள், பத்து நாளில் அரிசி எல்லாம் உதிர்ந்துபோய்ப் பொக்கை வாயாகிவிட்டது. அதற்கப்புறம் அவள் அதைத் தன் தலையணைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். மூன்று நான்கு வாரம் ஆகியும் தூக்கம் கெடுகிறது, பகலிலும் தனியாக அடுத்த அறைக்குப் போகப் பயப்படுகிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள்.

கடைசியாக, அந்தத் தெர்மாகோல் ஸ்டெகோசாரஸ் பள்ளியிலிருந்து திரும்பி வந்திருந்தால் தூக்கிப்போடாதீர்கள். விழுந்த தகட்டின் இடத்தில் அவன் வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை அவனே ஒட்டட்டும். நீங்கள் பசை மட்டும் பிழிந்து கொடுங்கள்.

ஒரு விடுமுறை நாளில் அரியலூர் பக்கத்து வாரணவாசியில் இருக்கிற அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போங்கள், திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். அவன் மாவில் சுற்றிய அம்மோனைட்டைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துவரட்டும், அங்கே நிஜமானதோடு ஒப்பிட்டுப் பார்ப்பான். அப்படியே பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரப் பூங்காவையும் பாருங்கள். டைனோசர் காலத்து மரம் கல்லாகிக் கிடக்கிறது, சுமார் 12 கோடி ஆண்டு பழையது. அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கே ஒரு சிறு கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று போகும் வழியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள். மரம் 18 மீட்டர் நீளம். எத்தனை புடவை வரும் என்று அவனிடம் கேட்டுப் பாருங்கள்.